காசு ரெடி... கதவுதான் திறக்கவில்லை!

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். கூடையைக் கொட்டிய மறு நிமிடம் ஏலக்காரர் குரல் கொடுப்பார். ஒருவர் தலையை ஆட்டுவார். கூடை கைமாறிவிடும். யாரும் அங்கே ஆதார் அட்டை கேட்பதில்லை. ஏலம் எடுப்பவர் யார், எந்த ஊர், போன வாரம் பாக்கி வைத்தாரா என்பதெல்லாம் ஏலக்காரருக்கு மனப்பாடம். முகம்தான் அங்கே அடையாள அட்டை.

பழைய நாணயங்களின் ஏலமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. லண்டனிலோ வியன்னாவிலோ ஒரு கூடத்தில் கொஞ்சம் பேர் கூடுவார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் வியாபாரிகள். ஒருவரை ஒருவர் பல வருடங்களாகத் தெரிந்தவர்கள். புதிதாக ஒருவர் வந்தால், 'இவர் நமக்குத் தெரிந்தவர்தான்' என்று பழையவர் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்று அந்தக் கூடம் செல்போனுக்குள் வந்துவிட்டது. சிக்ஸ்பிட், நியூமிஸ்பிட்ஸ் போன்ற தளங்களைத் திறந்தால் பல நாட்டு ஏல நிறுவனங்களின் கேட்லாக்குகளை வீட்டிலிருந்தே புரட்டலாம். சோழர் காசு முதல் ரோமானியத் தங்கம் வரை படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்க்க எந்தத் தடையும் இல்லை. விலை கேட்கலாம் என்று பொத்தானைத் தொட்டால்தான், அங்கே பூட்டிய கதவு ஒன்று இருப்பது தெரிகிறது. 'ஏலத்தில் கலந்துகொள்ள முதலில் பதிவு செய்யவும்.' அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை படிகள்!

தரங்கம்பாடிக் காசு, டென்மார்க் ஏலம்

தரங்கம்பாடியில் 1620-ம் ஆண்டில் டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1845-ல் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் அங்கே ஈயத்திலும் செம்பிலும் சின்னச் சின்னக் காசுகள் அடித்தார்கள். டென்மார்க் அரசரின் பெயர் எழுத்துகளைப் பின்னிய முத்திரை அவற்றில் இருக்கும். நம்மூர் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கப் புழங்கிய காசுகள், இன்று ஐரோப்பிய ஏல கேட்லாக்குகளில் அவ்வப்போது தலைகாட்டுகின்றன.

டென்மார்க்கில் நாணயத்தின் மீது எவ்வளவு பிரியம் என்பதற்கு ஒரு கதை உண்டு. எல்.ஈ. புரூன் என்பவர் வெண்ணெய் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். 1923-ல் இறந்துபோனார். முதல் உலகப் போரின் அழிவைப் பார்த்தவர் என்பதால், நாட்டின் அரசுச் சேகரிப்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாற்றாக இருக்கட்டும் என்று, தன் நாணயங்களை 100 வருடம் விற்கக் கூடாது என உயில் எழுதி வைத்தார். கெடு முடிந்ததும் 2024 செப்டம்பரில் கோபன்ஹேகனில் முதல் ஏலம் நடந்தது. மொத்தச் சேகரிப்பு கிட்டத்தட்ட 20,000 உருப்படிகள். முதல் நாளில் 1496-ம் வருடத்துத் தங்க நாணயம் ஒன்று 12 லட்சம் யூரோவுக்குப் போனது.

அவ்வளவு பெரிய விலை எல்லோருக்கும் எட்டாது. ஆனால், சிறிய செம்புக்காசுகள் எட்டும். மயிலாடுதுறையில் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடமாகத் தரங்கம்பாடிக் காசுகளைச் சேர்க்கிறார். ஐரோப்பிய ஏலம் ஒன்றில் தன்னிடம் இல்லாத ஒரு காசைப் பார்த்துவிட்டார். கையில் 25,000 ரூபாய் ஒதுக்கியும் வைத்துவிட்டார். ஏலத்துக்கு இன்னும் ஐந்து நாள். இனி அவர் ஏற வேண்டிய படிகளைப் பார்க்கலாம்.

'சர்நேம்' எங்கே சார்?

முதல் படியிலேயே தடுக்கும். படிவம் 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என இரண்டு கட்டங்கள் கேட்கிறது. தமிழ்நாட்டுக்காரருக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். குடும்பப் பெயர் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட்டால், 'இரண்டு எழுத்தாவது வேண்டும்' என்று சிவப்பில் எழுதுகிறது தளம். அப்பா பெயரைப் போட்டால் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. வங்கி அட்டையில் இனிஷியலோடு பெயர் இருக்கிறது. மூன்றும் மூன்று விதம். சரிபார்க்கும் மென்பொருளுக்கு அது மூன்று ஆள்! நல்லபடியாகப் பதில் வந்தாலும், 'அன்புள்ள திரு...' என்று அப்பா பெயரைச் சொல்லித்தான் கடிதம் தொடங்கும்.

இரண்டாவது படி, முகவரிச் சான்று. 'மூன்று மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீது அனுப்பவும்' என்பார்கள். நம் வீடுகளில் ஈ.பி. கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறது? வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் பெயரில். சொந்த வீடென்றால் பல வீடுகளில் காலமான தாத்தா பெயரில். வங்கிக் கணக்கு அறிக்கையை அனுப்பினால், அதில் முகவரி நான்கு வரியில் உடைந்து, பின்கோடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் கிடக்கும். படிவத்தில் எழுதியதோடு அது பொருந்தவில்லை என்று திரும்பி வரும்.

மூன்றாவது, வங்கி அட்டை. பணம் எடுக்க மாட்டோம், அட்டை உண்மையானதா என்று மட்டும் பார்ப்போம் என்கிறது தளம். முயன்றால் 'நிராகரிக்கப்பட்டது' என்று வருகிறது. ஆசிரியர் கணக்கில் பணம் இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும். வங்கியின் செயலியில் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும். பாதுகாப்புக்காக வந்த நல்ல விதிதான். தெரியாதவருக்கு ஒரு நாள் முழுக்க வீண்.

நான்காவது படியில்தான் பெரும்பாலானவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 'இதற்கு முன் எந்தெந்த ஏல நிறுவனங்களில் வாங்கியிருக்கிறீர்கள்? இரண்டு நிறுவனங்களின் பெயர் தரவும்.' இதுதான் அவருக்கு முதல் ஏலம். எங்கேயாவது வாங்கினால்தான் பெயர் சொல்ல முடியும். பெயர் சொன்னால்தான் எங்கேயும் வாங்க விடுவார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை.

இத்தனையும் முடிந்தாலும் நிம்மதி இல்லை. தளத்தில் கணக்குத் தொடங்குவது வேறு. ஏல நிறுவனம் அனுமதி தருவது வேறு. ஒரே தளத்தில் இருக்கும் ஐந்து நிறுவனங்களிடம் ஐந்து முறை அனுமதி கேட்க வேண்டி வரலாம். வெள்ளிக்கிழமை மாலை விண்ணப்பித்தால் சனி, ஞாயிறு அங்கே அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை ஏலம். கோடைக்காலத்தில் கோபன்ஹேகனில் காலை 10 மணி என்றால் இங்கே பிற்பகல் 1.30. ஆசிரியர் மதிய உணவு இடைவேளையில் போனைத் திறந்து பார்க்கிறார். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' அவர் ஆசைப்பட்ட காசு கண்ணெதிரே, அவர் ஒதுக்கிய தொகையில் பாதிக்கு, வேறு யாருக்கோ போகிறது. இரண்டு நாள் கழித்து இ-மெயில் வரும்: 'வாழ்த்துகள்! உங்கள் பதிவு ஏற்கப்பட்டது.'

ஏன் இவ்வளவு கேள்வி?

கோபப்படுவது எளிது. எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏல நிறுவனம் விற்பது பெரும்பாலும் அடுத்தவர் பொருள். ஒருவர் ஆர்வத்தில் விலையை ஏற்றி எடுத்துவிட்டு, அப்புறம் பணம் கட்டாமல் போனை அணைத்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவதாக நின்றவர் அதற்குள் வேறு காசு வாங்கியிருப்பார். பொருளின் சொந்தக்காரர் பணத்துக்காகக் காத்திருப்பார். மறுபடி ஏலம் விட்டால் 'போன தடவை ஏன் போகவில்லை?' என்ற சந்தேகத்திலேயே விலை இறங்கும். ஒரே ஒரு விளையாட்டு விரல் மூன்று பேரைப் பாதிக்கிறது. கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சட்டங்களும், தடை செய்யப்பட்ட நபர்களின் பட்டியல்களும் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொருளில் கோடிக்கணக்கான பணத்தை ஒளிக்க முடியும் என்பதால், 'நீங்கள் யார்?' என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

ஆனால் அந்தக் கேள்வி எல்லாப் பக்கமும் ஒரே கண்டிப்போடு கேட்கப்பட்டதா என்பதுதான் உறுத்துகிறது. ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ், அந்தக் கொலையைக் குறித்து வெளியிட்ட தங்க நாணயம் ஒன்று 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. அது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காட்டிய வரலாறு பொய் என்று பிறகு தெரியவந்தது. ஏல நிறுவனத்தை நடத்தியவர் 2023-ல் நியூயார்க்கில் கைதானார். அதே வருடம் மார்ச்சில் நாணயம் கிரீஸ் நாட்டிடம் திருப்பித் தரப்பட்டது.

அங்கே தப்பு வாங்குகிறவரின் மின்கட்டண ரசீதில் இல்லை. விற்கிற பக்கத்துக் காகிதத்தில் இருந்தது. 200 யூரோ செம்புக்காசுக்கு ஆசைப்படும் ஆசிரியரிடம் நான்கு சான்று கேட்கும் தொழிலில், 32 லட்சம் பவுண்டு தங்கத்துக்குப் பொய்ச் சான்று செல்லுபடியாகியிருக்கிறது.

கேள்வியே கேட்காதவர்தான் ஆபத்து

இதற்கு நேர் எதிரான இன்னொரு உலகம் நம் செல்போனிலேயே இருக்கிறது. 'மாட்டு வண்டி, டிராக்டர் படம் போட்ட பழைய நோட்டு இருக்கிறதா? லட்சக்கணக்கில் பணம்!' என்று விளம்பரம் வரும். அங்கே படிவம் இல்லை, சான்று இல்லை, காத்திருப்பு இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினால் போதும். 'உங்கள் நோட்டு 5 லட்சத்துக்குப் போய்விட்டது' என்று அடுத்த நிமிடமே பதில். அப்புறம் மெதுவாகப் 'பதிவுக் கட்டணம்', 'வரி', 'ரிசர்வ் வங்கிக் கமிஷன்' என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயங்களை வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைத் தரவும் இல்லை என்று சொன்னது. ஆக, ஏகப்பட்ட கேள்வி கேட்டு எரிச்சலூட்டும் இடத்தில் குறைந்தபட்சம் ஒரு நிறுவனம் இருக்கிறது. ஒரு கேள்வியும் கேட்காமல் 'அண்ணே, ஆயிரம் ரூபாய் மட்டும் ஜிபே பண்ணுங்க' என்று சொல்லும் இடத்தில் ஆளே இருப்பதில்லை.

ஆசைப்பட்டவர்கள் செய்ய வேண்டியவை

காசு பிடித்த பிறகு பதிவு செய்வது தாமதம். எந்த நிறுவனங்களில் விருப்பமான காசுகள் வருகின்றன என்று பார்த்து, ஏலம் எதுவும் அருகில் இல்லாத நேரத்தில், மூன்று வாரம் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. அப்போது அவர்களுக்கும் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுத வேண்டும். 'எங்கள் ஊரில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதல் எழுத்து' என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தோடு அனுப்பினால் பாதி குழப்பம் தீரும்.

இரண்டு நிறுவனப் பெயர் கேட்கும் சிக்கலுக்கு வழி, சின்னதில் தொடங்குவதுதான். மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஆகிய ஊர்களில் நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே நமது பான், ஆதார், இனிஷியல் எதுவும் அந்நியம் இல்லை. அங்கே இரண்டு எளிய காசுகள் எடுத்து, குறித்த நாளில் பணம் கட்டினால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், 'முன்பணம் கட்டுகிறேன், அந்த அளவுக்கு மட்டும் அனுமதி தாருங்கள்' என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஏலத்தில் கலந்துகொண்டு பழகிய வியாபாரி மூலம் கமிஷன் கொடுத்துக் கேட்கச் சொல்வதும் ஒரு வழி.

சான்றுகளை அனுப்புவதில் கவனம் தேவை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆதார் எண் எதற்கும் பயன்படாது, பாஸ்போர்ட் போதும். உள்ளூரில் ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே, எழுத்துகளை மறைக்காதபடி, 'இன்ன நிறுவனத்தின் ஏலப் பதிவுக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிவிட்டு ஸ்கேன் செய்வது நல்லது. பத்து நிறுவனங்களில் பதிவு செய்தால் நம் பாஸ்போர்ட் பத்து இடத்தில் கிடக்கும். ஆகவே, தேவையான இரண்டு மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓடிபி-யை எந்த ஏல நிறுவனமும் கேட்காது. கேட்டால், அது ஏல நிறுவனமே இல்லை.

விலையைக் கேட்கும் முன் கணக்கும் போட்டுவிட வேண்டும். ஏலம் 200 யூரோவில் முடிந்தால் கட்ட வேண்டியது 200 இல்லை. வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் 250. தளத்தின் வழியே கேட்டதற்கு 3 சதவீதம் என்று போட்டிருந்தால் இன்னும் 6 யூரோ. அதற்கு மேல் தபால், காப்பீடு, இங்கே வந்ததும் சுங்க வரி. பணம் அனுப்பும்போது வங்கியும், பார்சல் வரும்போது கூரியர் நிறுவனமும் மறுபடி அடையாளச் சான்று கேட்கும். இன்னொன்று: 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் யாரும் அதை இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பி விற்க முடியாது. உள்ளே வந்த காசு உள்ளேயே இருக்கும். சேகரிப்பவருக்கு அது சந்தோஷம். லாபத்துக்கு வாங்குபவர் யோசிக்க வேண்டும்.

மணி அடித்தால் யாராவது வர வேண்டும்

ஏல நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் இல்லை. 'எத்தனை நாளில் பதில் வரும், எந்தெந்தச் சான்று ஏற்போம்' என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். குடும்பப் பெயர் இல்லாதவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று படிவத்துக்குச் சொல்லிக் கொடுக்கலாம். புதியவரிடம் பழைய நிறுவனங்களின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, சிறு டெபாசிட் வாங்கிக்கொண்டு சிறு தொகைக்கு அனுமதி தரலாம். நிராகரித்தால் காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம். கதவுக்குப் பூட்டு போடுவதில் தவறில்லை. மணி அடித்தால் உள்ளேயிருந்து யாராவது வந்து எட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இல்லையென்றால், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் பழைய ஆட்களே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார்கள். தரங்கம்பாடிக் கடைத்தெருவில் புழங்கிய காசு, அந்த ஊர் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவரின் பீரோவில் இன்னும் ஐம்பது வருடம் தூங்கும். ஆசிரியர் கைக்கு வந்திருந்தால், அடுத்த வாரமே அது எட்டாம் வகுப்பு மேசையில் இருந்திருக்கும். முப்பது பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, 'சார், இதுல என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டிருப்பார்கள்.